சீட்டாட்டத்தில் ஜெயித்தது யார்?

பெருச்சாளி தன் வளையில் சீட்டாட்டம் வைத்தது. பந்தயம் கட்ட அணிலும் கிளியும் நிலக்கடலையோடு வந்தன.

"ஆட்டத்துக்கு ஒரு பிடி கடலை எனக்குத் தந்துவிடுங்கள். உங்களை உபசரிக்கச் செலவாகிறதே!" என்றது பெருச்சாளி. இரண்டும் சம்மதித்தன.

அப்படி எடுத்த கடலையைச் சுடச்சுட வறுத்து அவற்றுக்கே பரிமாறியது, தானும் கொறித்தது.

கடைசியில் யாரிடமும் கடலை இல்லை.

"நீதானே ஜெயித்தாய்?" என்றது அணில்.

"நானா? நீ என்றல்லவா நினைத்தேன்!" என்றது கிளி.

இரண்டும் பெருச்சாளியை முறைத்தன. அது பதறிப்போய்த் தன் பானையைக் கவிழ்த்தது. வெறும் தொலிதான் கொட்டியது.

"சத்தியமாக நானும் தோற்றுத்தான் போயிருக்கிறேன்," என்றது அழாக்குறையாக.

கிளி யோசித்தது. "அப்படியானால் ஜெயித்தவன் சொல்லாமல் ஓடிவிட்டான்!"

அவனைப் பிடிக்க மூன்றும் எழுந்தன. வயிறு முட்டியிருந்ததால் ஓடத்தான் முடியவில்லை.