டேங்க் மூடிச் சாவி

கிளம்பக் கூடாது.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற ரஞ்சிதத்தின் மனசுக்குள் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுதல் என்று சொல்ல முடியாது. வேண்டிக்கொள்ளவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வாசலில் பழைய ஜாவா வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தான் லட்சுமணன். காலை பஸ்ஸில் ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்த மெக்கானிக். அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த தங்கவேல் அவள் புருஷன். வேலூர் ஜெயிலில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தான். வந்ததும் முதலில் தேடியது வண்டியைத்தான்.

வண்டி கிளம்பிவிட்டால் வெள்ளிக்கிழமை அவள் மறுபடியும் ஏழு மாதக் கர்ப்பிணி.

லாரி டியூபை வெட்டி, ஒரு முனையை இறுக்கிக் கட்டி, சாராயத்தை நிரப்பி, மறுமுனையையும் கட்டி அவள் வயிற்றில் சுற்றிவிடுவான் தங்கவேல். மேலே சேலை. பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து மலை இறங்குவாள். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர், "எத்தினி மாசம்மா?" என்பார். "ஏழுங்க" என்பாள். மெதுவாக ஓட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு வருஷம் அந்த ஏழாம் மாதம் எட்டாகவே இல்லை.

லட்சுமணன் டேங்கின் அடிக்குழாயைக் கழற்றி, மிச்சமிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். மேலே பெட்ரோல். அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறு ஏதோ. கார்புரேட்டருக்குள் வெள்ளையாகப் பூத்திருந்தது. ரப்பர் வாஷர் ஊறி, எடுத்த இடத்தில் திரும்பப் பொருந்தாத அளவுக்குப் பெருத்துவிட்டது.

அடியில் தங்கியதில் துணியை நனைத்துத் தீக்குச்சி காட்டினான். நீலமாக எரிந்தது.

"யோவ் தங்கவேலு, நீ குடிச்சது போதாதுன்னு வண்டிக்கும் ஊத்திக் குடுத்தியா?"

"பங்க்குல கலந்திருப்பானுங்க."

"பங்க்குக்காரன் கலந்தா மண்ணெண்ணெய் கலப்பான். இது மலைச் சரக்கு. வாசனையே சொல்லுதே."

தங்கவேல் எழுந்து டேங்க் மூடியைக் கையில் எடுத்தான். பெட்ரோலை யாரும் உறிஞ்சிவிடக் கூடாது என்று திருப்பத்தூர் லேத்தில் சொல்லிப் பூட்டு வைத்த மூடி. ஒரு சாவி அவன் அரைஞாண் கயிற்றில். இன்னொன்று வீட்டுக்குள், கேழ்வரகுப் பானைக்குப் பின்னால்.

லட்சுமணன் துணியை மிதித்து அணைத்தான். "ஊத்துனது யாரோ, வண்டி விவரம் தெரியாத ஆளு. சாராயம் கனம், அடியில போய் நின்னுக்கும். ஆனா கார்புரேட்டர்ல ஏற்கெனவே நல்ல பெட்ரோல் இருக்குமில்ல? அது கொஞ்ச தூரம் இஸ்துகினு போவும். வாசல்ல நிக்காது. ரெண்டாவது வளைவுலதான் நிக்கும்."

ரஞ்சிதம் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பிடிபட்ட அன்று இரண்டாவது வளைவில்தான் நின்றது. உதைத்து உதைத்துப் பார்த்தான். கீழே ஜீப் சத்தம் கேட்டதும் வண்டியைப் புதருக்குள் உருட்டிவிட்டு, அதில் தொங்கிய சாராயக் கேனோடு ஓடிப் பிடிபட்டான். அவளை ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைத்தாச்சி என்று, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"வூட்ல எத்தினி பேருய்யா?" என்றான் லட்சுமணன், ஸ்பேனரைத் துடைத்தபடி.

தங்கவேல் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

"என் பொண்டாட்டியைச் சொல்றியா? ரஞ்சிதம், இப்படி வா. கற்பூரம் ஏத்திக் கையால அணைச்சி, நான் ஊத்தலன்னு ஒரு சத்தியம் பண்ணு. இவன் வாயை மூடட்டும்."

போலீஸுக்கு முன்னால் வயிற்றில் கை வைத்து எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கிறாள். நாக்கு ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. இதையும் சொல்லிவிடலாம். உள்ளங்கை ஒரு நிமிஷம் எரியும், அவ்வளவுதான்.

"நான் வூட்டுக்குத் தூரம்" என்றாள்.

லட்சுமணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கருவிப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்த நாட்களில் ஒரு பெண்ணிடம் கற்பூரத்தைத் தொடச் சொல்ல எவனுக்கும் வாய் வராது.

தங்கவேல் மட்டும் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். அடுப்பின் மேல் களிச் சட்டி. காலையில் அவள் கிண்டி, அவள் கையால் போட்டு, அவன் சாப்பிட்ட களி. துடுப்பில் ஒட்டியிருந்தது இன்னும் காயவில்லை.

ரஞ்சிதம் சாக்கை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போனாள். மூன்று நாள் வீட்டுக்குள் போக வேண்டாம். அடுப்பு இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வண்டி வளைவில் நின்ற அன்றைக்கு டியூபுக்கு அடியில் உண்மையாகவே ஒன்று இருந்தது. நாற்பத்தெட்டு நாள். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை சொல்லி, இரண்டும் தங்காமல் போனதால் இந்தத் தடவை வாய்திறக்கப் பயமாக இருந்தது. வண்டி வாசலிலேயே நின்றுவிடும், டியூபை அவிழ்த்துவிடுவான் என்று நினைத்துத்தான் ஊற்றினாள். வளைவிலிருந்து டியூபைச் சுமந்துகொண்டே மேடேறி வந்தாள். இருட்டுவதற்குள் அதுவும் போய்விட்டது.

தங்கவேல் பின்னாலேயே வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரி. மூணு நாள் கழிச்சு கற்பூரத்த அணைச்சிடு. இன்னா?"

அவள் சாக்கை உதறி விரித்தாள். உட்கார்ந்தாள்.

"அப்பவும் மாட்டேன்" என்றாள்.