டிம்மரில் சிக்கிய மீசை

நாடக அரங்கின் பின்கதவு வழியே மத்தியான வெயில் மேடைவரை நீண்டு கிடக்கிறது. விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டி நேற்றுச் சண்டைக் காட்சியில் சூடேறிப் படுத்துவிட்டது. இன்று சாயங்காலம் மறுபடி ஆட்டம். எலெக்ட்ரீஷியன் பெட்டியின் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டிருக்கிறாள். பூட்டுக்குக் காவல் அவள் கணவன்: ராஜா வேஷம், கையில் மரக்கத்தி, மேலுதடு மட்டும் மொட்டை. நேற்று அதே சண்டையில் பறந்த ஒட்டுமீசை இன்னும் அகப்படவில்லை. "சீக்கிரம் முடிம்மா, மீசை வேற தேடணும்." "பேசாம நில்லுங்க. அந்தப் பூட்டை எவனாவது தொட்டா உங்க தலைதான் உருளும்." டெஸ்டரை வேறு லைனில் உள்ள பிளக் பாயிண்டில் வைக்கிறாள், எரிகிறது. பெட்டியின் வயர் முனைகளில் ஒவ்வொன்றாக வைக்கிறாள், எரியவில்லை. திரும்பவும் பிளக் பாயிண்டில் வைத்து, டெஸ்டர் பொய் சொல்லவில்லை என்று உறுதியான பிறகே கை உள்ளே போகிறது. பிரஷ் படப்பட ஜிகினாத்தூள் வெயிலில் மினுங்கிப் பறக்கிறது. பெட்டியைக் குளிர்விக்கும் விசிறியின் வலையை அடைத்துக்கொண்டு கருப்பாக ஏதோ இருக்கிறது. உருவி எடுக்கிறாள். "ஏங்க... உங்க மீசை!" வயிறு வலிக்க இருவரும் சிரிக்கிறார்கள். மூடியை முடுக்கி, பூட்டைத் திறந்து, சுவிட்சைத் தூக்குகிறாள். விசிறி ரீங்கரிக்கிறது, மேடை வெளிச்சம் சிவப்பாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பொன்னாகிறது. ராஜா மீசையை ஒட்டிக்கொண்டு, "யாரங்கே!" என்று கர்ஜிக்க வாய் திறக்கிறான், மீசையின் தூசி மூக்கில் ஏறி, தும்மல்தான் வருகிறது. விசிறியை நோக்கிப் பறக்கும் மீசையை அவள் பாதி வழியில் பிடித்து, சாவி இருந்த பைக்குள் போடுகிறாள். "ஆட்டம் ஆரம்பிக்கறப்ப வந்து வாங்கிக்குங்க."