கடைசி வார்த்தைக்குப் பிறகு

“இன்னா நைனா, நாலு நாளா வாயே தொறக்க மாட்டேன்றியே. தண்ணி வோணுமா?”

கருப்பட்டி மண்டியில் மூட்டை தூக்கும் லோகநாதன் குனிந்து கேட்டான். கட்டிலில் கிடந்த முதலாளி தவசிமுத்து, டம்ளரை நோக்கி விரலை நீட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

“அவிய பேச மாட்டாவ. கடைசி வார்த்தையச் சொல்லியாச்சு” என்றாள் மனைவி தங்கபுஷ்பம்.

1951-இல் ராயபுரத்தில் அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. சாகிறவர் கடைசியாகப் பேசியதை, சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார் நோட்டில் குறித்துக்கொண்டு, அடக்கத்தின்போது எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். போன வருடம் ஒரு மர வியாபாரி, “அந்தப் பூனைய வெரட்டுங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடித் தொலைத்தார். கல்லறைத் தோட்டமே சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது.

தவசிமுத்துவுக்கு அந்தப் பயம். ஞாயிற்றுக்கிழமையே உபதேசியாரை வரவழைத்து, “என் வேலை முடிந்தது. சந்தோஷமாய் என் கர்த்தருடைய வீட்டுக்குள் போகிறேன்” என்று தெளிவாகச் சொன்னார். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். எல்லாம் சரி, உயிர்தான் போகவில்லை. இனி ஒரு சொல் பேசினாலும் அதுவே கடைசி வார்த்தையாகிவிடும் என்று மனிதர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

லோகநாதன் போனதும் தங்கபுஷ்பம் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பல நாளாக ஒரு கேள்வி அவளை அரித்துக்கொண்டிருந்தது.

“ஏங்க, மோட்சத்துல புருசன் பொஞ்சாதிங்கிற ஒறவே கெடையாதுன்னு உபதேசியார் பிரசங்கத்துல சொன்னாவல்லா. அப்ப, நான் அங்க வந்தா என்னை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்திரண்டு வருசம் கூட இருந்திருக்கேன். ஊருக்கெல்லாம் ஒரு வார்த்த சொல்லிட்டிய. எனக்கு ஒண்ணும் கெடையாதா? பேச வேண்டாம், தலையவாவது ஆட்டுங்க.”

தலையும் ஆடவில்லை. தெரியாத விஷயத்துக்குத் தலையாட்டும் பழக்கம் அவருக்கு வியாபாரத்திலேயே கிடையாது. தங்கபுஷ்பத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சாகப்போவதைவிட இப்படிப் பேசாமலே போய்விடுவாரோ என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் துறைமுகத்தில் சங்கு ஊதுகிற நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது பக்கத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

சாயங்காலம் உபதேசியார் நோட்டோடு வந்தார்.

“சபைக்கு முன்னால வாசிக்கப் போறேம்மா. பொய்யாகிடக் கூடாது. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வேற ஏதாவது பேசினாரா?”

“இல்லய்யா. ஒரு வார்த்த பேசல.”

“உங்ககிட்டகூடவா?”

“எங்கிட்டகூடத்தான்.”

அடக்கத்தில் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை எழுதியதை வாசித்தார். கூட்டம் உருகிப்போனது. “கட்டுன பொஞ்சாதிகிட்டகூடப் பேசாம போயிட்டாவளே” என்று பின்னால் இரண்டு பெண்கள் தங்கபுஷ்பத்துக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

அவள் முக்காட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். உபதேசியாரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. மத்தியானம் தன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதைச் சபைக்கு முன்னால் எப்படி வாசிக்க விடுவது?

“ஏட்டி, நீ வார வரைக்கும் நான் உள்ள போவ மாட்டேன். வாசல்லயே நிக்கேன்.”