மூக்கு சார் சாப்பிட்ட மதிய விருந்து

மூக்கு சார் சூப் கிண்ணத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மூடித் திறப்பதற்குள் கண்ணாடியெல்லாம் ஆவி.

"ரசிச்சுச் சாப்பிடறதுன்னா உங்ககிட்டதான் சார் கத்துக்கணும்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

மூக்கு சார் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டால் அது தக்காளி சூப்பா, வெந்நீரா என்றே அவருக்குத் தெரியவில்லை. போன மாதம் வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது என்றால் அதோடு போச்சு. இவருக்கு மூக்குதான் பிழைப்பு. குழாய் வழியாக வீடு வீடாகப் போகும் இயற்கை எரிவாயுவுக்கென்று வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று அதில் ஒரு நாற்ற மருந்தைக் கலந்து அனுப்புவார்கள். ஒரு சொட்டு தரையில் சிந்தினால் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும், அப்பேர்ப்பட்ட மருந்து.

தெருமுனைக் குழாயைத் திறந்து முகர்ந்து பார்த்து, மருந்து போதும், போதாது என்று சொல்வதற்குக் கம்பெனியில் நாலு பேர். அதில் மூத்தவர் நம் மூக்கு சார்.

இத்தனை நாளும் வேன் டிரைவரின் முகத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டினார். டிரைவர் முகத்தைச் சுளித்தால் 'போதும்'. குமட்டினால் 'தாராளம்'. நாளையிலிருந்து அந்த டிரைவர் லீவு. பதிலுக்கு வருகிற ஆளுக்கோ வருஷம் பூராவும் ஜலதோஷம்.

போதாக்குறைக்கு, நேற்று வீட்டில் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்க மறந்து, பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவிதான் ஓடிவந்து மூடினாள்.

"ஊருக்கே மோந்து சொல்ற மனுஷன், நம்ம வீட்டைக் கொளுத்தப் பாத்தீங்களே! நாலு குடும்பம் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? நாளைக்கு உங்க ஜி.எம். கிட்ட உண்மையைச் சொல்லாம வீட்டு வாசப்படி ஏறாதீங்க!"

அதற்குத்தான் வந்திருந்தார். எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடும் இந்த விருந்தில் மட்டும்தான் ஜி.எம். சிரிப்பார். ஆபீஸில் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே வேலை காலி. இங்கே, ஐஸ்கிரீம் உள்ளே போன கையோடு காதோடு காதாகச் சொல்லி, ஒரு ஆபீஸ் வேலையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

"சார், ஒரு விஷயம்..." என்று மெல்ல ஜி.எம். பக்கம் சாய்ந்தார்.

"அப்புறம்யா! அந்தம்மா பேசறாங்க பாரு."

மேடையில் நாற்ற மருந்து தயாரிக்கும் ஆராய்ச்சிக்கூடத்து அம்மா. பாதிப் பேர் கொட்டாவி விடுவதைப் பார்த்ததும் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார்.

"பேச்சு போதும். ஒரு சின்னப் பரிசோதனை. இந்த அட்டைகள்ல, உங்க குழாய்ல ஓடற அதே அளவு மருந்து தொட்டு வெச்சிருக்கேன். மோந்து பாத்து, வாசனை வர்றவங்க கை தூக்குங்க."

வெள்ளை அட்டைகள் மேஜைக்கு மேஜை போயின. ஒரு கையில் அட்டையும் மறு கையில் கரண்டியுமாக எல்லோரும் முகர்ந்தார்கள். பரிமாறுகிறவர் அவர் பாட்டுக்கு ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டே போனார்.

போட்டிக் கம்பெனித் தலைவர்தான் முதலில் கை தூக்கினார். வரவில்லை என்றால் தன் குழாயில் மருந்து பற்றவில்லை என்று ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! அவர் தூக்கிய பிறகு ஜி.எம். சும்மா இருப்பாரா? இரண்டு கையையும் தூக்கினார்.

"அப்பப்பா, குடலைப் புரட்டுது!"

"எனக்குக் கண்ணுலயே தண்ணி வந்துடுச்சுங்க!"

மண்டபம் முழுக்கக் கைகள். மூக்கு சாரும் அட்டையை மூக்கோடு ஒட்டிவைத்து இழுத்துப் பார்த்தார். சூப்பாவது கண்ணாடியில் ஆவி காட்டியது, இதில் அதுவும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக அவர் கையும் பாதி எழுந்தது. திறந்து கிடந்த அடுப்பு ஞாபகத்துக்கு வந்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"யோவ், தூக்குய்யா! மானத்தை வாங்காதே!" என்று ஜி.எம். பல்லைக் கடித்தார்.

"அங்கே ஒருத்தர் மட்டும் கை தூக்கலையே?" என்றார் மேடை அம்மா. யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

மூக்கு சார் கரண்டியைக் கீழே வைத்தார். என் வேலை போனால் போகட்டும், ஊர் பிழைத்துக் கிடக்கட்டும் என்று எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும். எனக்கு எதுவுமே வரலீங்க. ஏன்னா, எனக்கு வந்து..."

"சபாஷ்!" என்று அந்த அம்மா மேடையிலேயே துள்ளிக் குதித்தார். "எந்த அட்டையிலயும் மருந்து கிடையாது. வெறும் தண்ணி! இத்தனை பேர்ல ஒழுங்கான மூக்கு இவர் ஒருத்தருக்குத்தாங்க இருக்கு!"

தூக்கிய கைகளுக்கு எப்படி இறங்குவது என்று தெரியவில்லை. அப்படியே கைதட்டலாக மாறிவிட்டன. மைக்கை நீட்டியவரும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். "ஐயோ, முழுசாக் கேளுங்க, எனக்கு மூக்கே..." என்று மூக்கு சார் தொண்டை கிழியக் கத்தியது அந்தச் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

ஜி.எம். ஓடிவந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டு, மைக்கைப் பிடுங்கினார்.

"மத்த மூணு பேருக்கும் நாளையிலேருந்து ஆபீஸ் வேலை. ஊர் முழுக்க இனிமே சார் ஒருத்தரே மோந்து பாப்பார்!"