கெட்டித் தையல்

அலுவலக ஆண்டு விழா நாடகத்தில் வில்லன் வேஷம் என்பதால், கணவன் பழைய ரப்பர் பாயை வெட்டி வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கவசம் செய்திருந்தான். மனைவி தோள் வாரை லேசாகத்தான் இழுத்துப் பார்த்தாள். பொசுக்கென்று கையோடு வந்துவிட்டது.

"வெறும் டேப்பா? போன வருஷம் மேடையில தாடி விழுந்து மானம் போனது போதாதா இந்த மனுஷனுக்கு?"

அவன் குளித்து வருவதற்குள் பழைய ஸ்கூல் பையின் வாரை அறுத்தெடுத்து, கோணி ஊசியில் நைலான் நூல் கோத்து, நாலு சுற்று இறுக்கித் தைத்து, மேலே டேப்பையும் ஒட்டி மறைத்துவிட்டாள். இனி யானை கட்டி இழுத்தாலும் வராது.

மேடையில் கதாநாயகன் வாளை ஓங்கித் தோளில் வெட்டினான். கவசம் அசையவில்லை. மறுபடி வெட்டினான். நாலாவது வெட்டில் அவனுடைய அட்டை வாள்தான் முறிந்தது. கூட்டம் விசிலடித்தது.

திரை விழுந்ததும், கூட்டத்தில் இருந்த மனைவி பெருமை தாங்காமல் மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

"பாத்தீங்களா, ஒரு நூல் பிரிஞ்சுதா? எல்லாம் என் கைவேலை!"

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அடிப்பாவி! முதல் வெட்டுலயே கவசம் கழண்டு விழுந்து நான் சாகணும். அதுக்குத்தான்டி டேப்பு. பத்து நாளா சாகப் பழகியிருக்கேன்! வெட்டுனது யாருன்னு தெரியுமா? என் புரமோஷன்ல கையெழுத்துப் போட வேண்டிய மேனேஜர்!"