புலிச்சட்டை

"மலேசியாவுக்கு ஆட மாட்டேன்னு சொல்லிட்டானாமே உன் மவன்?"

நிச்சயதார்த்தப் பந்தியில் இலை போட்டு அப்பளம் வைப்பதற்குள் நவமணி அத்தை ஆரம்பித்துவிட்டார். கேள்வி தம்பி மனைவி சாந்தினிக்கு. பார்வை மட்டும் ஹரீஷ் மேல்.

ஹரீஷ் பெர்த்தில் பிறந்து வளர்ந்தவன். இருபத்திரண்டு வயதுக்குள் அங்கே கால்பந்து லீக்கில் பேர் வாங்கியவன். பெற்றோர் பினாங்குக்காரர்கள் என்பதால் ஆஸ்திரேலியாவும் கூப்பிட்டது, மலேசியாவும் கூப்பிட்டது. போன மாதம் ஆஸ்திரேலியா என்று சொல்லிவிட்டான். மாமன் மகள் ரூபினியின் நிச்சயத்துக்கு அம்மாவோடு பினாங்கின் பாயான் பாருவுக்கு வந்தால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் விட்டுவிட்டு எல்லோரும் இவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அங்கயே ஆடிப் பழகிட்டேன் அத்தை. அதான்" என்று சிரித்தான்.

முழுப் பொய். ஆறு வயதிலிருந்து அவன் கனவில் போட்டுக்கொண்டு ஓடியது மலேசிய அணியின் புலிச் சின்னம் வைத்த மஞ்சள் சட்டைதான்.

ஆனால் அந்தச் சட்டைக்கு ஒரு விதி உண்டு. பெற்ற தாயோ தகப்பனோ, இல்லை அவர்களைப் பெற்றவர்களோ மலேசியாவில் பிறந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவு வரை தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள். ஹரீஷுக்குத் தோண்டினால் சாந்தினி பெயர் வராது. அவன் கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டவன்.

பன்னிரண்டு வயதில் அம்மாவே சொல்லிவிட்டாள். பினாங்கில் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. பத்து வருஷம் பிள்ளை இல்லாமல் இதே நவமணி அத்தையிடம் அவள் வாங்கிய பேச்சு அப்படி. தகுதி இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அவனே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அத்தை விடுகிற ஆளா?

"பழக்கமாவது ஒண்ணாவது. சர்டிபிகேட்ல ஏதும் குளறுபடியா? நம்ம பக்கத்து வீட்டு நூர்ஜான் வீட்டுக்காரரு ரெஜிஸ்ட்ரேஷன்லதான் வேலை செய்றாரு. உன் பெறந்த பத்திரத்தக் குடு, நான் கேக்கச் சொல்றேன் லா."

சாந்தினியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

நங்கென்று சாம்பார் வாளியைக் கீழே வைத்தார் அம்மாவின் அண்ணன் தயாளன் மாமா.

"பத்திரமாம் பத்திரம். எல்லாம் காசு லா அக்கா, காசு. அங்க ஒரு டாலர் இங்க மூணு வெள்ளி. வெள்ளக்காரன் ஊருத் தண்ணி குடிச்சவனுக்கு நம்ம புலி பூனையாத்தான் தெரியும். தாய்மாமன் நான் சொல்றேன், இவன் துரோகி. இந்த வீட்ல இனிமே யாரும் பந்தப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தொறக்கிறவங்க எந்திரிச்சுப் போயிடலாம்."

அடி வாங்கியவன் பக்கம் சாய்வது நம் ஆட்களின் வழக்கம். "விடு தயாளா, சின்னப் பையன். அவன் இஷ்டம்" என்று நவமணி அத்தையே தன் இலையிலிருந்த வடையை எடுத்து ஹரீஷ் இலையில் வைத்தார். பாயசம் வருவதற்குள் பத்திரப் பேச்சு காணாமல் போயிருந்தது.

ஹரீஷுக்குத்தான் காது சுட்டது. ஊர் திட்டினால் திட்டட்டும். அம்மாவுக்காகத் துரோகிப் பட்டம் என்ன, அதற்கு மேலும் வாங்கத் தயார். ஆனால் இந்த மாமா மடியில் உட்கார்ந்துதான் அவனுக்குக் காது குத்தினார்கள். அவர் வாயாலா அந்த வார்த்தை?

சாப்பாடு முடிந்ததும் நாற்காலிகளை மடிக்கக் கூப்பிட்டார் மாமா. கொல்லைப்பக்கம் இரண்டே பேர்.

"நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேணாம் மாமா."

"அந்தம்மா வாய வேற எப்படி லா மூடுறது?"

"எதுக்கு மூடணும்?"

மாமா ஒரு நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தார்.

"பெத்தவங்கதான் கணக்குன்னு அந்த விதிய நானும் பேப்பர்ல படிச்சேன்டா."

ஹரீஷ் திரும்பிப் பார்த்தான்.

"நீ பொறந்த புதுசுல பெர்த்துக்கு வந்தேன். புள்ள பெத்தவளுக்குக் குடுக்குற மருந்து, லேகியம் எல்லாம் உங்க நவமணி அத்தைதான் இடிச்சுக் கட்டிக் குடுத்தாங்க. ஏர்போர்ட்ல அரை மணி நேரம் வாதாடி உள்ள கொண்டாந்தேன்."

"தெரியும் மாமா. ஒரு வாய் விடாம சாப்பிட்டேன்னு அம்மா சொல்லுவாங்க."

"ஆமா, என்கிட்டயும் அதேதான் சொன்னா." மாமா சிரித்தார். "கெளம்புற அன்னிக்கு சீனி தேடி அலமாரியத் தொறக்குறேன், பொட்டலம் அப்படியே இருக்கு. கட்டுன நூலக்கூட அவுக்கல. பெத்த ஒடம்புக்குத்தானே அந்த மருந்து? உன்னப் பெத்தவ வேற ஒருத்தின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான் ஹரீஷ். "அம்மாகிட்ட நீங்க..."

"கேக்கல. இன்னிக்கு வரைக்கும் கேக்கல. நீயும் சொல்லி வைக்காத."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? அலமாரியச் சத்தமில்லாம சாத்திட்டு, நேரா உங்க நவமணி அத்தைக்குப் போனப் போட்டேன். 'அக்கா, மருந்தெல்லாம் தங்கச்சி சாப்பிட்டு முடிச்சிருச்சு, இன்னும் கொஞ்சம் இடிச்சு அனுப்புங்க'ன்னு சொன்னேன்."