சைபர் கிலோ யானை

ஒரு மிருகக்காட்சிசாலையில் பழைய கணினிக்கு வயதாகிவிட்டது. அதன் பதிவுகளையெல்லாம் புதுக் கணினிக்கு மாற்றினார்கள். பேர், வயசு, எடை என்று வாங்கி அடுக்கிக்கொண்டே வந்த புதுசு, கோமளவல்லி யானையிடம் வந்ததும் நின்றது.

"அண்ணே, எடைக் கட்டம் காலியா இருக்கே?"

"அவளை நிறுக்க இங்கே தராசு ஏது? தெரியாது, அதான் காலியா விட்டேன்."

"என்கிட்டே அந்தக் கட்டத்துல எண்ணுதான் இருக்கணும். காலியெல்லாம் செல்லாது." சொல்லிவிட்டு சைபரைப் போட்டுக்கொண்டது.

"டேய், தெரியாதுங்கிறது சைபர் இல்லடா!" என்று பழையது கத்துவதற்குள் அதன் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து புதுசு போட்ட பட்டியல்படிதான் தீனி. எடைக்குத் தக்க அளவு. முயலுக்குக்கூட ஒரு கட்டுக் கீரை வந்தது. கோமளவல்லிக்கு ஒரு புல்லும் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்தாள்.

"என் தீனி எங்கேடா?"

"சைபர் கிலோவுக்கு சைபர் தீனி. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்படியா தம்பி? பசியில கால் நிக்கல. சைபர் கிலோதானே, உன் மேலே கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்." திரும்பி நின்று மெல்ல இறங்கினாள். மேஜை கிறீச்சிட்டது.

"தாயே! உங்க எடை எனக்குத் தெரியாது! சத்தியமாத் தெரியாது!"

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? பாதி உட்கார்ந்தாச்சே," என்றாள் கோமளவல்லி.